நிலக்கரியும் நிலமற்றவர்களும்



டிசம்பர் 6 அன்று அண்ணலைப் பற்றிப் பேசக் கூடினால் நாம் வழக்கமாகப் போய் நிற்கும் இடங்கள் சில உண்டு: மகாட் குளம், பூனா ஒப்பந்தம், அரசமைப்பு அவை, நாக்பூர். இன்று நாம் போகப்போவது தன்பாத். 1943 டிசம்பரில் அம்பேத்கர் அங்கே போனார். அப்போது அவர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். ஜாரியா நிலக்கரிப் பகுதியைப் பார்வையிட்டார், சுரங்கத்துக்குள்ளும் இறங்கினார். மேலே அலுவலகத்தில் உட்கார்ந்து அறிக்கை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். அவர் இறங்கினார்.

நிலக்கரி அமைச்சகத்தின் வரலாற்றை நினைவேந்தல் உரைக்கு எடுத்துக்கொண்டது ஏன் என்று நம் தோழர்களே கேட்டார்கள். கோப்பும் அரசாணையும் நிறைந்த வறண்ட பொருள் என்றார்கள். ஆனால் மின்விசிறி சுற்றும் ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் கப்பலில் வரும் கரியில் கணிசமானது ஒடிசாவின் தால்ச்சர் பகுதியில் வெட்டி, பாரதீப் துறைமுகத்தில் ஏற்றப்படுவது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் டில்லியில் இருக்கும் அதே நிலக்கரி அமைச்சகத்தின் கீழ்தான் வருகிறது. அந்தக் கரியை வெட்டியது யார், வெட்டுவதற்காக யாருடைய நிலம் போனது, நிலம் போனதற்கு ஈடாக வேலை யாருக்குக் கிடைத்தது? இந்த மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டுதான் நாம் இந்த வரலாற்றுக்குள் போகிறோம்.

தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். வங்காளத்தின் ராணிகஞ்சில் 1774-ல் வெள்ளைக்காரர்கள் கரி வெட்டத் தொடங்கினார்கள். ரயில் வந்த பிறகுதான் அது பெருந்தொழிலானது. 1890களில் ஜாரியா திறந்தது. வெட்டியவர்கள் பவுரிகள், சந்தால்கள், பூயியாக்கள், துரிகள், ரஜ்வார்கள். இன்றைய பட்டியல்சாதி, பழங்குடிப் பட்டியல்களை எடுத்துப் பார்த்தால் இந்தப் பெயர்கள் எல்லாம் அங்கே இருக்கும். கணவன் கரி வெட்டுவான், மனைவி அள்ளிக் கூடையில் சுமப்பாள். வெட்டுபவனுக்கு மால்கட்டா என்றும் சுமப்பவளுக்கு காமின் என்றும் பெயர். 1920 வாக்கில் சுரங்கத் தொழிலாளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள். சில கம்பெனிகள் சுற்றியிருந்த கிராமங்களின் ஜமீன்தாரி உரிமையையே வாங்கிவிட்டன. சுரங்கத்தில் வேலை செய்தால்தான் குடிசையும் துண்டு நிலமும். வேலையை விட்டால் இரண்டும் போகும். பண்ணையடிமை முறையை நாம் தஞ்சையில் பார்த்திருக்கிறோம். அதே முறை அங்கே நிலத்துக்கு அடியிலும் இறங்கியிருந்தது.

இனி அம்பேத்கருக்கு வருவோம். இங்கே நாம் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இது நமக்கே சங்கடமான இடம். பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வதை 1929-ல் வந்த விதிகள் படிப்படியாகத் தடை செய்தன. 1930களின் முடிவில் பெண்கள் முற்றாக மேலே வந்துவிட்டார்கள். போர் வந்தது. ராணுவக் கட்டுமான வேலைகளில் கூலி கூடுதலாகக் கிடைத்ததால் ஆட்கள் சுரங்கத்தை விட்டுப் போனார்கள். கரி உற்பத்தி சரிந்தது. 1943-ல் அரசு அந்தத் தடையை நீக்கியது. பெண்கள் மறுபடி இறக்கப்பட்டார்கள். அந்த முடிவைச் சட்டமன்றத்தில் நின்று நியாயப்படுத்த வேண்டிய உறுப்பினர் அம்பேத்கர்.

1944 பிப்ரவரி 8 அன்று மத்திய சட்டமன்றத்தில் இது விவாதத்துக்கு வந்தது. ரேணுகா ராய் உள்ளிட்டோர் கடுமையாக எதிர்த்தார்கள். அம்பேத்கர் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: இது நெருக்கடிக் கால ஏற்பாடு, நிரந்தரமானது அல்ல, பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்ற கொள்கை இங்கே நிலைநாட்டப்பட்டிருக்கிறது. 1946 பிப்ரவரியில் தடை திரும்ப வந்தது. அப்போதும் அவர் அதே பதவியில்தான் இருந்தார். சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது.

நம் மேடைகளில் இதன் பின்பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம். சம ஊதியம் தந்தவர் என்று கைதட்டுகிறோம். முன்பாதியையும் நாமே சொல்ல வேண்டும். ஒரு போர்க்கால அரசு தன் கரித் தேவைக்காகத் தலித், பழங்குடிப் பெண்களைத் திரும்பவும் இருட்டுக்குள் அனுப்பியது. அந்த அரசின் உறுப்பினராக அவர் இருந்தார். இதை மறைத்தால் அவரைச் சாமியாக்கிவிடுவோம், அவரிடமிருந்து எதையும் கற்க முடியாது. அதே நேரம் எதிர்த்தரப்பின் கேள்வியிலும் ஒரு ஓட்டை இருந்தது. தடை வந்தபோது அந்தப் பெண்கள் இழந்த கூலிக்கு யார் ஈடு கொடுத்தார்கள்? கணவனும் மனைவியும் சேர்ந்து சம்பாதித்த குடும்பத்தில் ஒரு கூலி நின்றுபோனது. மேலே மாற்று வேலை எத்தனை பேருக்குக் கிடைத்தது? பெண்ணைக் காப்பது என்ற பெயரில் பெண்ணின் கூலியைப் பறிப்பது நமக்குப் புதிதல்ல. எங்கள் குழுவுக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. இந்த உரையைத் தயாரித்தபோது தோழியர் இருவர் அவரை மன்னிக்கவில்லை. அதை அப்படியே பதிவு செய்கிறோம்.

சட்டமன்ற வாதத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1944 ஜனவரியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி அவசரச் சட்டம் வந்தது. சுரங்கத்திலிருந்து வெளியேறும் கரியின் மீது ஒரு வரி விதித்து, அந்தப் பணத்தில் குடியிருப்பு, மருத்துவமனை, குடிநீர், கல்வி ஆகியவற்றைச் செய்ய வேண்டும் என்றது அது. சுரங்கப் பெண்களுக்கான மகப்பேறுச் சட்டத் திருத்தங்களும் அவர் காலத்தில் வந்தன. இதை நன்றாகக் கவனியுங்கள். கரிக்கு விலை வைப்பதையும் யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுவதையும் அரசின் வேறு பிரிவுகள் பார்த்துக்கொண்டன. தொழிலாளர் துறை கரியைப் பார்த்தபோது முதலில் அதை வெட்டும் மனிதர்களைப் பார்த்தது. ஒவ்வொரு டன்னிலும் ஒரு சிறு பங்கு தொழிலாளிக்கு உரியது என்று எழுதிவைத்தது. பின்னால் வந்த எந்த நிலக்கரி அமைச்சகத்துக்கும் இந்தப் பார்வை இயல்பாக வரவில்லை என்பது நம் கருத்து.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலக்கரி வாடகை வீட்டுக்காரனைப் போல அமைச்சகம் விட்டு அமைச்சகம் மாறியது. முதலில் பொதுப்பணி, சுரங்கம், மின்சாரம் என்ற அமைச்சகத்தில் இருந்தது. பிறகு உற்பத்தி அமைச்சகம். 1957-ல் எஃகு, சுரங்கம், எரிபொருள். 1962-ல் சுரங்கம், எரிபொருள். 1970களின் தொடக்கத்தில் எஃகு, சுரங்கம். 1974-ல் எரிசக்தி அமைச்சகத்துக்குள் நிலக்கரித் துறை. பிறகு தனி அமைச்சகம், கொஞ்ச காலம் சுரங்கத்தோடு சேர்ந்து, மறுபடி தனி அமைச்சகம். சமூகவியல் மாணவர்கள் இந்தப் பெயர்ப்பலகைகளை மட்டும் வைத்தே ஒரு கட்டுரை எழுதலாம். எஃகுக்கு அடுப்பெரிக்க வேண்டிய காலத்தில் எஃகோடு இருந்தது, மின் நிலையங்கள் பெருகிய காலத்தில் எரிசக்தியோடு இருந்தது. தொழிலாளர் துறையோடு ஒருமுறைகூட சேர்ந்ததில்லை. சுரங்கப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தலைமை இயக்ககம் தன்பாத்தில் இருக்கிறது. அது இன்றும் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ். தோண்டச் சொல்வது ஒரு அமைச்சகம், தோண்டியவன் செத்தால் விசாரிப்பது இன்னொரு அமைச்சகம். 1958-ல் சின்னாகுரி, 1965-ல் தோரி, 1975 டிசம்பரில் சாஸ்நாலா. சாஸ்நாலாவில் மட்டும் 375 பேர் வெள்ளத்தில் மூழ்கி மாண்டார்கள். அது நடந்தபோது சுரங்கங்கள் நாட்டுடைமையாகி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

நாட்டுடைமையைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசும்போது ஒரு பெயரைச் சொல்லாமல் விடமுடியாது. மோகன் குமாரமங்கலம். ஜமீன் குடும்பத்துப் பிள்ளை. கேம்பிரிட்ஜில் படித்துக் கம்யூனிஸ்டானவர். பின்னர் காங்கிரசில் சேர்ந்து 1971-ல் புதுச்சேரியிலிருந்து மக்களவைக்குப் போனவர். எஃகு, சுரங்க அமைச்சராக அவர் இருந்த காலத்தில்தான் 1971 அக்டோபரில் எஃகு ஆலைகளுக்கான கோக்கிங் நிலக்கரிச் சுரங்கங்களின் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொண்டது. 1972 மே 1-ல் அவை நாட்டுடைமையாயின. 1973 ஜனவரி இறுதியில் மற்ற சுரங்கங்களின் நிர்வாகம் எடுக்கப்பட்டது, அதே ஆண்டு மே 1-ல் அவையும் நாட்டுடைமையாயின. அந்த மே மாதம் 31-ஆம் தேதி டில்லியில் நடந்த விமான விபத்தில் குமாரமங்கலம் இறந்துபோனார். 1975 நவம்பரில் கோல் இந்தியா பிறந்தது.

நாட்டுடைமை நல்லதா கெட்டதா என்று நம் நண்பர்கள் சிலர் இன்னும் வாதிடுகிறார்கள். நமக்கு அதில் சந்தேகம் இல்லை. தனியார் முதலாளிகள் கரியைக் கொள்ளையடிப்பதுபோல் வெட்டினார்கள். ஊதியக் குழு சொன்ன கூலியைத் தரவில்லை. வருங்கால வைப்பு நிதியை ஏப்பம் விட்டார்கள். தட்டிக்கேட்டால் பயில்வான்கள் வருவார்கள். நாட்டுடைமைக்குப் பின் முறையான ஊதிய ஒப்பந்தம் வந்தது, ஓய்வூதியம் வந்தது. நமக்கு முக்கியமானது, இடஒதுக்கீடு வந்தது. பட்டியல்சாதிக்கும் பழங்குடிக்கும் கூலியாக மட்டும் இருந்த தொழிலில் எழுத்தராக, மேற்பார்வையாளராக, பொறியாளராக நுழைய ஒரு கதவு திறந்தது. 1947-ல் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ நூலில் அம்பேத்கர் அடிப்படைத் தொழில்கள் அரசிடம் இருக்க வேண்டும் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு பொருள்.

ஆனால் அந்த நூலில் அவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். விவசாய நிலமும் அரசுடைமையாக வேண்டும், சாதி பார்க்காமல் குடிமக்களுக்குச் சாகுபடிக்குப் பிரித்துத் தர வேண்டும் என்றார். அதை யாரும் தொடவில்லை. சுரங்கம் அரசுடைமையானது. சுரங்கத்துக்கு மேலே இருந்த கிராமத்தின் நில உறவு சாதியின் கையிலேயே இருந்தது. பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம்.

முதல் அடி நாட்டுடைமையின்போதே விழுந்தது. பதிவேட்டில் பெயர் இருப்பவருக்குத்தான் அரசு வேலை. ஆண்டுக்கணக்காக ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு வெட்டிய பவுரிக்கும் பூயியாவுக்கும் பதிவேட்டில் பெயர் இல்லை. இருந்தாலும் அது எழுதத் தெரிந்த இன்னொருவன் கையில் இருந்தது. கையகப்படுத்தும் நாட்களில் பதிவேடுகளில் வெளியூர் ஆட்களின் பெயர்கள் திடீரென முளைத்ததும், ஒருவன் பெயரில் இன்னொருவன் வேலைக்குப் போனதும் அந்தப் பகுதியைப் பற்றி எழுதியவர்கள் பதிவு செய்தவைதான். நிரந்தர வேலைகளில் மேல்சாதி ஆட்கள் அமர்ந்தார்கள். தன்பாத்தில் இதற்கு எதிராகத் தொழிற்சங்கம் கட்டியவர் ஏ.கே. ராய். சிபு சோரன், வினோத் பிஹாரி மஹதோ ஆகியோருடன் ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சாவைத் தொடங்கியவர்களில் ஒருவர். மூன்று முறை தன்பாத் மக்களவை உறுப்பினராக இருந்தும் எளிய வாழ்க்கையே வாழ்ந்தார். அவரைப் பற்றித் தமிழில் ஒரு சிறு நூல்கூட இல்லை என்பது நமக்கு வெட்கம்.

காமின்களுக்கு இன்னொரு வழியில் அடி விழுந்தது. இயந்திரம் வந்தது, பெண்களுக்கு ‘பொருத்தமான’ வேலை குறைந்தது. பெண் தொழிலாளி விருப்ப ஓய்வு பெற்றால் அவளுடைய வேலையை மகனுக்குத் தரலாம் என்று திட்டங்கள் வந்தன. குடும்பத்துக்குள் எப்படிப்பட்ட அழுத்தம் வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தாயின் வேலை மகனுக்குப் போனது. மகளுக்கு என்ன மிஞ்சியது என்ற கேள்வியை அந்தத் திட்டங்களை எழுதியவர்கள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இரண்டாவது அடி நிலத்தின் வழியாக வந்தது. 1957-ல் நிலக்கரிப் பகுதிகளைக் கையகப்படுத்தத் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. மத்திய அரசு அரசிதழில் அறிவித்தால் நிலம் அரசுக்குச் சேர்ந்துவிடும். 2013-ன் புதிய நிலச் சட்டத்தில் இருக்கும் சமூகத் தாக்க ஆய்வு இதற்குப் பொருந்தாது. இழப்பீடு பட்டாதாரருக்கு. அதற்கு மேல் நிலம் தந்தவருக்கு வேலை. கோல் இந்தியாவின் 2012 மறுவாழ்வுக் கொள்கையின் கணக்கு, 2 ஏக்கருக்கு ஒரு வேலை. குறைவாக வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒருவரை முன்னிறுத்தலாம்.

மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். இதைக் கிராமத்துக்குள் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். 10 ஏக்கர் வைத்திருப்பவர் வீட்டுக்கு ஐந்து நிரந்தர வேலை. அந்த 10 ஏக்கரில் தலைமுறையாக நாற்று நட்ட, அறுத்த குடும்பத்துக்கு ஒன்றும் இல்லை. நிலம் போன அன்றே அவர்களுடைய வயல் கூலியும் போகிறது, விறகும் மேய்ச்சலும் போகிறது. நிலமில்லாதவருக்கு வீட்டுமனை, ஒரு தொகை என்று கொள்கையில் ஏதோ இருக்கும். நிரந்தர வேலைக்கு உரிமை இருக்காது. ஜார்க்கண்டில் ‘கைர் மஜ்ருவா’ என்று சொல்லும் நிலம் உண்டு, ஏறக்குறைய நம் புறம்போக்கு. அதைத் திருத்திப் பயிரிட்டவர்களில் பலர் தலித்துகளும் பழங்குடியினரும். காகிதம் இல்லை, ஆகவே கணக்கிலும் இல்லை. பஞ்சமி நிலத்துக்கு ஆவணம் தேடி அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சாதி எப்படி வேளாண்மையிலிருந்து தொழிலுக்கு இடம்பெயர்கிறது என்பது சமூகவியல் வகுப்பில் பெரிய கேள்வி. இங்கே அதற்கு ஒரு சுற்றறிக்கை போதுமாக இருந்தது. நிலவுடைமை அப்படியே அரசு வேலையாக மாற்றி எழுதப்பட்டது. இடஒதுக்கீடு ஒரு கதவைத் திறந்தது, நிலத்துக்கு வேலை என்ற கணக்கு வேறொரு கதவை அகலமாகத் திறந்தது. இரண்டாவது கதவின் வழியே போனவர்களை யாரும் தகுதி கேட்டுக் கேலி செய்ததில்லை.

நிலமற்றவன் என்ன ஆனான்? மூன்று வழி. ஒப்பந்தக் கூலி, வெளியூர், அல்லது திருட்டுக் கரி. ஜாரியாவிலும் ஹசாரிபாக் சாலைகளிலும் 200 கிலோவுக்கு மேல் கரி மூட்டை கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் ஆட்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் திருடர்கள்.

இந்தத் திருட்டு என்ற சொல்லை இன்னொரு இடத்திலும் பொருத்திப் பார்ப்போம். 1993-லிருந்து தனியாருக்கு நிலக்கரித் தொகுதிகள் ஏலம் இல்லாமல் ஒதுக்கப்பட்டன. ஏலம் விடாததால் ஒதுக்கீடு பெற்றவர்களுக்குக் கிடைத்த ஆதாயம் 1.86 லட்சம் கோடி ரூபாய் என்று 2012-ல் தலைமைத் தணிக்கையாளர் மதிப்பிட்டார். 2014-ல் உச்ச நீதிமன்றம் ஒதுக்கீடுகள் சட்டவிரோதம் என்று சொல்லி 204 தொகுதிகளை ரத்து செய்தது. நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பு முழுக்க அரசு கஜானாவுக்கு வந்த இழப்பைப் பற்றியது. அந்தத் தொகுதிகளுக்கு மேலே குடியிருந்தவர்களின் இழப்புக்கு யாரும் மதிப்பீடு போடவில்லை.

இந்த அமைச்சகத்தின் நாற்காலியில் நம்மவர்களும் உட்கார்ந்தார்கள். ராம் விலாஸ் பாஸ்வான் 2001 செப்டம்பர் முதல் 2002 ஏப்ரல் வரை. 2004-க்கும் 2006-க்கும் இடையில் சந்தால் சமூகத்தின் சிபு சோரன் மூன்று முறை வந்தார், மூன்று முறையும் வழக்குகளாலோ மாநில அரசியலாலோ வெளியேறினார். ஆள் மாறினால் அமைப்பு மாறிவிடும் என்று நம்புகிற நம் இளைஞர்கள் இந்த இரண்டு பதவிக் காலங்களையும் படிக்க வேண்டும். நிலமற்றவருக்கு வேலை என்ற ஒரு வரியைச் சேர்க்க அந்த நாற்காலி போதவில்லை.

இப்போது நடப்பதுதான் நம் தலைமுறையின் பிரச்சினை. அம்பேத்கர் காலத்து நல நிதிச் சட்டம் 1986-ல் நீக்கப்பட்டு நலப் பணிகள் நிலக்கரிக் கம்பெனிகளிடம் போய்விட்டன. 1973-ன் நாட்டுடைமைச் சட்டம், பயனற்றுப்போன பழைய சட்டங்களைக் களையும் பட்டியலில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு 2018 ஜனவரியில் சத்தமில்லாமல் நீக்கப்பட்டது. 2020 ஜூன் 18 அன்று, கொரோனா நேரத்தில், தனியார் வணிகச் சுரங்கத்துக்கான ஏலம் தொடங்கியது. நாட்டுடைமையான காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 7 கோடி டன் வெட்டிய நாடு 2024-25-ல் 100 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. கோல் இந்தியாவில் ஒருகாலத்தில் 6 லட்சத்துக்கு மேல் இருந்த நிரந்தரத் தொழிலாளர்கள் இன்று 2.5 லட்சத்துக்கும் கீழே. கரி பல மடங்கு பெருகியது, வேலை பாதிக்கும் கீழே போனது. மண்ணை அகற்றுவது, கரி ஏற்றுவது எல்லாம் ஒப்பந்ததாரரிடம். அங்கே நடைமுறையில் இடஒதுக்கீடு இல்லை. ஏலம் எடுக்கும் தனியாருக்கு அந்தக் கடமையே இல்லை. நிரந்தர வேலை சுருங்கச் சுருங்க, 1970களில் திறந்த கதவு வாதம் எதுவும் இல்லாமலே சாத்தப்படுகிறது. நாடாளுமன்றத்தில் இடஒதுக்கீட்டை ரத்து செய்ய யாராவது மசோதா கொண்டுவந்தால் நாம் தெருவில் இறங்குவோம். ஒப்பந்தப் புள்ளி கோரும் ஒரு அறிவிப்பு அதே வேலையைச் செய்துமுடிக்கும்போது நாம் செய்தித்தாளின் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

நெய்வேலிக்கு வந்து முடிப்போம். நெய்வேலி நிறுவனம் பதிவானது 1956 நவம்பர் 14. அண்ணல் மறைவதற்கு மூன்று வாரம் முன்பு. 2023 மார்ச் இறுதியில் நிலக்கரி அமைச்சகத்தின் ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று காவிரிப் படுகையின் மூன்று தொகுதிகள் வந்தன. தமிழ்நாடே எதிர்த்தது, பத்து நாளில் நீக்கினார்கள். அந்த ஜூலையில் வளையமாதேவியில் நின்ற பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கின. மறுபடி எதிர்ப்பு. இரண்டிலும் நாம் விவசாயிகள் பக்கம் நின்றோம், இனியும் நிற்போம். ஆனால் எங்கள் காதில் விழுந்தவரை அந்தப் பேச்சுகள் எல்லாம் ஏக்கருக்கு எவ்வளவு, வீட்டுக்கு ஒரு வேலை உண்டா என்பதிலேயே சுற்றின. ஏக்கரே இல்லாத சேரிக்காரருக்கு எவ்வளவு என்று மேடையில் யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

அதனால் ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். சுரங்கத்தை ஒட்டிய கிராமங்களில், நிலம் கையகப்படுத்தப்பட்டபோது அங்கே கூலி வேலை செய்த, நிலமற்ற குடும்பங்களைக் கணக்கெடுக்கப் போகிறோம். எத்தனை குடும்பம், அதில் எத்தனை பேர் இப்போது ஒப்பந்தக் கூலி, எத்தனை பேர் ஊரை விட்டுப் போனார்கள், பெண்கள் எங்கே வேலைக்குப் போகிறார்கள். விடுமுறை நாட்களில் வரக்கூடிய மாணவர்கள் தேவை. பைக் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஏற்பாடு செய்கிறோம். படிவங்கள் வாசலில், புத்தக மேசையில் இருக்கின்றன. அதில் பட்டா எண் எழுதக் கட்டம் கிடையாது.